40கே-ல 2000 பாயின்ட் ஆர்மி லிஸ்ட் போடறது எப்படி: சென்னையில புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

40கே-ங்கறது வார்ஹாமர் 40,000, சின்னச் சின்ன பொம்மை வீரர்கள (மினி) டேபிள்ல நிறுத்தி டைஸ் உருட்டி ஆடற போர் கேம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் (சேந்து ஆடற மினிக் குழு) ஒரு பாயின்ட் விலை உண்டு, 2000-க்குள்ள எதெத எடுக்கறீங்கங்கறதுதான் லிஸ்ட். என்னோட முதல் டோர்னமென்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி 11 மணிக்கு, நடத்துறவர்கிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. "ப்ரோ உங்க லிஸ்ட் 2035 வருது, சரி பண்ணி அனுப்புங்க." நான் போட்டப்போ சரியா 2000 தான். நடுவுல பாயின்ட் மாறினது எனக்குத் தெரியவே தெரியாது. 35 பாயின்ட் குறைக்கிற மாதிரி சின்னதா லிஸ்ட்ல எதுவும் இல்ல, அதனால 90 பாயின்ட் யூனிட் ஒண்ணைத் தூக்கிட்டு 1945-ல போய் ஆடினேன். மூணு கேமும் தோத்தேன். அதுல ரெண்டு கேம்ல எதிர்ல இருந்தவரோட மினிதான் என்னோடத விட அதிகமா செத்திருந்துச்சு, அப்புறமும் ஸ்கோர்ல நான்தான் கீழ.

அது ஏன்னு புரியறதுக்கு எனக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு, வாங்கி சும்மா வச்சிருக்கற பாக்ஸ் வேற மூணு இருக்கு. நீங்க அந்த வழியில போக வேண்டாம்னுதான் இத எழுதறேன். வார்ஹாமர் 40,000 பத்தாவது எடிஷன வச்சு எழுதியிருக்கேன். 8-வது எடிஷன் 2017, 9-வது 2020, 10-வது 2023, அதாவது மூணு வருஷத்துக்கு ஒண்ணு மாறுது, அதனால நீங்க படிக்கும்போது எந்த எடிஷன் ஓடுதுன்னு முதல்ல பாத்துக்கோங்க. நம்பர் மாறும், ஆனா லிஸ்ட்ட எப்படி யோசிக்கணுங்கறது பெருசா மாறாது.

1. முதல்ல பேப்பர எல்லாம் சேத்து வைங்க

மினி வாங்கறதுக்கு முன்னாடி இதப் பண்ணுங்க, பெரும்பாலான ஐட்டம் ஃப்ரீதான்.

கோர் ரூல்ஸ் பிடிஎஃப் ஃப்ரீயா கிடைக்குது. முனிடோரம் ஃபீல்டு மேனுவல்னு ஒண்ணு இருக்கு, எல்லா ஃபேக்ஷனோட (ஸ்பேஸ் மரீன் மாதிரி நீங்க ஆடற படை) எல்லா யூனிட்டுக்கும் பாயின்ட் அதுலதான் இருக்கும், அதுவும் ஃப்ரீ. சுமார் மூணு மாசத்துக்கு ஒரு தடவ அது மாறும். பேலன்ஸ் டேட்டாஸ்லேட்னு இன்னொரு பேப்பர், ரூல்ஸ்ல பண்ற திருத்தம் எல்லாம் அதுல வரும், அதோட உங்க ஃபேக்ஷனுக்கான எஃப்ஏக்யூ (கேள்வி பதில்). அஞ்சாவதா டோர்னமென்ட் நடத்துறவங்க குடுக்கற பேக், அதாவது அவங்களோட விதிமுறைத் தாள். எந்த மிஷன், எந்த டெரெய்ன் (டேபிள் மேல வைக்கற கட்டடம், சுவர்), எந்த தேதி பாயின்ட் செல்லும், லிஸ்ட் எப்போ குடுக்கணும், எல்லாம் அதுலதான் இருக்கும்.

காசு குடுத்து வாங்கறது கோடெக்ஸ், அதாவது உங்க ஃபேக்ஷனோட ரூல் புக், மட்டும்தான். இங்க ஒரு பொறி இருக்கு, கவனமா கேளுங்க. கோடெக்ஸ் புக்குக்குள்ள ஒரு கோட் வரும், அத வார்ஹாமர் 40,000 ஆப்ல போட்டாத்தான் உங்க ஃபேக்ஷன் திறக்கும், அந்த கோட் ஒரு தடவதான் வேலை செய்யும். செகண்ட் ஹேண்ட் புக்க பாதி விலைக்கு யாராவது குடுத்தா, கோட் யூஸ் பண்ணியாச்சான்னு கேட்டுட்டு பணம் குடுங்க. நான் கேக்காம வாங்கினேன். இன்னொண்ணு, புக்ல பின்னாடி அச்சடிச்சிருக்கற பாயின்ட நம்பி லிஸ்ட் போடவே போடாதீங்க, புக் கைக்கு வர்றதுக்குள்ளயே அது பழசாகியிருக்கும்.

லிஸ்ட் போடறதுக்கு நியூ ரெக்ரூட்னு பிரவுசர்லயே ஓடற ஒரு டூல் இருக்கு, ஃப்ரீ. நல்லா இருக்கும், ஆனா அதுல இருக்கற டேட்டா தன்னார்வமா சில பேர் போடறது, அப்டேட் வந்த வாரத்துல தப்பு இருக்கலாம். கடைசியா ஒரு தடவ ஃபீல்டு மேனுவல பக்கத்துல திறந்து வச்சு ஒவ்வொரு வரியா கையால கூட்டிப் பாருங்க. 10 நிமிஷம்தான் ஆகும். அந்த 10 நிமிஷத்த நான் செலவு பண்ணல, அதுதான் மேல சொன்ன கதை.

2. லிஸ்ட் ரிஜெக்ட் ஆகாம இருக்க

சுருக்கமா சொல்றேன். ஒரு ஃபேக்ஷன், ஒரு டிடாச்மென்ட் (ஆர்மிக்குக் கிடைக்கற கூடுதல் ரூல் தொகுப்பு). கேரக்டர் (தனி ஹீரோ மினி) ஒருத்தராவது இருக்கணும், அதுல ஒருத்தர் வார்லார்ட் (தளபதி). ஒரே டேட்டாஷீட்ட (ஒரு யூனிட்டோட விவரத் தாள்) 3 தடவ வரைக்கும் எடுக்கலாம், பேட்டில்லைனும் (படையோட அடிப்படை யூனிட்) டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட்டும் (ஆள் ஏத்திட்டுப் போற வண்டி) 6 வரைக்கும். பேர் வச்ச எபிக் ஹீரோ ஒவ்வொருத்தரும் ஒண்ணே ஒண்ணு. என்ஹான்ஸ்மென்ட் (கேரக்டருக்குப் பாயின்ட் குடுத்து எடுக்கற கூடுதல் சக்தி) மொத்தம் 3, ஒரு கேரக்டருக்கு ஒண்ணு, ஒரே என்ஹான்ஸ்மென்ட்ட ரெண்டு பேருக்குக் குடுக்க முடியாது, எபிக் ஹீரோவுக்குக் குடுக்கவே முடியாது.

அப்புறம் டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட்டுக்குள்ள கேம் ஆரம்பிக்கும்போது யாராவது ஏறியிருக்கணும், காலியா இருந்தா அது டேபிளுக்கே வராது, அழிஞ்சதா கணக்கு. புதுசா வர்றவங்க ரைனோ வண்டி ஒண்ணு சும்மா கிடக்கேன்னு மிச்சப் பாயின்ட்ல சேத்துடுவாங்க, ஆனா உள்ள ஏத்த ஆள் இருக்காது. லெஜண்ட்ஸ்னு பிரிச்சு வச்சிருக்கற பழைய யூனிட்டுகள பெரும்பாலான டோர்னமென்ட்ல விடமாட்டாங்க, பழைய மினி சல்லிசா கிடைக்குதேன்னு அள்ளறதுக்கு முன்னாடி அதையும் பாத்துக்கோங்க.

இந்த எடிஷன்ல யூனிட்டோட ஆயுதத்துக்கு தனியா பாயின்ட் கிடையாது. சாதாரண துப்பாக்கி வச்சாலும் அதே விலை, பெரிய துப்பாக்கி வச்சாலும் அதே விலை. அதனால மினிய ஒட்டும்போதே என்ன ஆயுதம்னு யோசிச்சு ஒட்டணும், ஒட்டினத மாத்த முடியாது, சில இடத்துல கையில இருக்கறதுதான் கணக்குன்னு கண்டிப்பா சொல்வாங்க. முடிஞ்சா மினியோட கையில சின்ன காந்தம் வச்சுடுங்க, ஆயுதத்த மாத்தி மாத்தி வச்சுக்கலாம். 3 மிமீ குறுக்களவு நியோடிமியம் காந்தம் ஆன்லைன்ல சுலபமா கிடைக்கும்.

3. ஸ்கோர்ல இருந்து பின்னாடி வாங்க

என் முதல் லிஸ்ட் எப்படி வந்துச்சுன்னா, நெட்ல எந்தெந்த யூனிட் பயங்கரம்னு சொல்றாங்களோ அதையெல்லாம் பொறுக்கி 2000 வர்ற வரைக்கும் அடுக்கினேன். நல்ல நல்ல காய்கறியா பாத்து வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் ஒரே குழம்புல போட்ட மாதிரி.

ஒரு கேம்ல மொத்தம் 100 விக்டரி பாயின்ட். பிரைமரிக்கு 50, செகண்டரிக்கு 40, ஆர்மி முழுக்க பெயின்ட் பண்ணியிருந்தா 10. எதிராளிய கொல்றதுக்குன்னு நேரா பாயின்ட் வர்றது இதுல ரொம்பக் கம்மி. 5 ரவுண்டுதான் கேம், ஒரு ரவுண்டுல ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு டர்ன். பிரைமரி பெரும்பாலும் ரெண்டாவது ரவுண்டுல இருந்து, உங்க கமாண்ட் ஃபேஸ் முடியும்போது எத்தனை அப்ஜெக்டிவ் (டேபிள்ல பிடிக்க வேண்டிய இடம்) உங்க கையில இருக்குன்னு பாத்து வரும்.

இந்த "கமாண்ட் ஃபேஸ் முடியும்போது"ங்கறத மெதுவா ரெண்டு தடவ படிங்க, லிஸ்ட் போடறதுல பாதி விஷயம் இங்கதான் இருக்கு. கமாண்ட் ஃபேஸ் உங்க டர்னோட ஆரம்பத்துல வருது. அதாவது இந்த டர்ன்ல நீங்க ஓடிப்போய் அப்ஜெக்டிவ் மேல நின்னா உடனே பாயின்ட் வராது. எதிராளியோட ஒரு முழு டர்ன், அவரு சுட்டு, சார்ஜ் பண்ணி (ஓடிவந்து மோதி), வெட்டி, அதெல்லாம் முடிஞ்ச பிறகும் நீங்க அங்க நின்னுட்டு இருந்தாத்தான் உங்களுக்குப் பாயின்ட். நான் வச்சிருந்ததெல்லாம் நல்லா அடிக்கற, ஆனா ஒரு தட்டு தட்டினா செத்துப்போற யூனிட்டுகள். போய் அடிச்சுட்டு நிக்கும், அடுத்த டர்ன்ல எடுத்துடுவாங்க, பாயின்ட் அவங்களுக்குப் போயிடும்.

செகண்டரி வேற மாதிரி. ஃபிக்ஸட்னா முன்னாடியே ரெண்டு தேர்ந்தெடுத்து கேம் முழுக்க அதேதான், டாக்டிகல்னா ஒவ்வொரு டர்னும் கார்டு எடுத்து கையில ரெண்டு இருக்கற மாதிரி ஆடணும். எதிராளியோட ஏரியாவுக்குள்ள போய் நில்லு, டேபிளோட நாலு கால்பகுதியிலயும் ஆள் வை, அப்ஜெக்டிவ்ல நின்னு ஒரு வேலை செய், அதச் செய்யற யூனிட் அந்த டர்ன் சுட முடியாது, இப்படித்தான் கார்டு வரும். இதுக்கெல்லாம் 300 பாயின்ட் டேங்க்க அனுப்ப முடியாது. சுடாம இருந்தா நமக்கு நஷ்டமே இல்லாத, செத்தாலும் மனசு நோகாத, விலை கம்மியான ஆட்கள் வேணும்.

4. 2000 பாயின்ட்ட வேலையா பிரிங்க

நான் இப்போ லிஸ்ட் போட உக்காந்தா முதல்ல ஃபேக்ஷன் புக்க திறக்கறதே இல்ல, ஒரு பேப்பர்ல வேலைகள எழுதறேன்.

வீட்டுக் காவல், 100 பாயின்ட். நம்ம டிப்ளாய்மென்ட் ஏரியாவுல (ஆரம்பத்துல நம்ம ஆட்கள நிறுத்தற பக்கம்) இருக்கற அப்ஜெக்டிவ்ல உக்காந்துக்கற ஒரு சின்ன யூனிட். ஸ்பேஸ் மரீன்ல இன்டர்செஸர் இதுக்கு நல்லது, ஏன்னா அவங்க ஒரு தடவ பிடிச்ச அப்ஜெக்டிவ விட்டு நகந்தாலும் எதிராளி வந்து பிடிக்கற வரைக்கும் அது நம்மளோடதாவே இருக்கும்.

ஓடறவங்க, 250 பாயின்ட்டுக்கு ரெண்டு இல்ல மூணு யூனிட். செகண்டரி கார்டுல வர்ற வேலைய முடிக்கறது இவங்கதான். ஆரம்பத்துலயே முன்னாடி நிக்கற இன்ஃபில்ட்ரேட்டர், இல்ல மேல இருந்து இறங்கற டீப் ஸ்ட்ரைக் யூனிட். மரீன்ல ஸ்கவுட்டும் ஜம்ப் பேக் இன்டர்செஸரும் நான் வச்சுக்கறது.

நடுவுல நிக்கறவங்க, 600. மேல சொன்ன அந்த எதிராளி டர்ன தாங்கறவங்க. டஃப்னஸ் (அடி தாங்கற உறுதி), சேவ் (கவசம் அடியத் தடுக்க உருட்டற டைஸ்), இன்வல்னரபிள் சேவ் (ஆயுதத்தால குறைக்க முடியாத சேவ்), அதோட ஓசி நம்பர் (அப்ஜெக்டிவ பிடிக்கற பலம்), இதெல்லாம் பாக்கணும். ஒரு அப்ஜெக்டிவ்ல ரெண்டு பக்க ஆளும் இருந்தா மொத்த ஓசி யாருக்கு அதிகமோ அவங்களோடது, எவ்வளவு பெரிய ஆள்ங்கறது கணக்கே இல்ல.

டேங்க் உடைக்க, 450. சுவருக்குப் பின்னாடி காத்திருந்து உள்ள வர்றவங்கள திருப்பி அடிக்க, 350. லீடர் (ஒரு யூனிட்டோட சேந்து போற கேரக்டர்), என்ஹான்ஸ்மென்ட் எல்லாத்துக்கும் மிச்சம் 250.

இது கல்வெட்டு இல்ல. கஸ்டோடஸ் மாதிரி மொத்தமே கொஞ்சம் மினி உள்ள ஆர்மில ஒரே யூனிட் ரெண்டு வேலை பாக்கணும், டைரனிட் ஆர்மில நடுவுல நிக்கறதுக்கு டஃப்னஸுக்குப் பதிலா எண்ணிக்கைய நம்பலாம். ஆனா ஒவ்வொரு யூனிட் பேருக்கு எதிரா அது முதல் ரெண்டு டர்ன்ல எங்க நிக்கும், என்ன பண்ணும்னு ஒரு வரி எழுதிப் பாருங்க. எழுத முடியலன்னா அந்த யூனிட்ட எடுத்துடுங்க, அது எவ்வளவு அழகான மினியா இருந்தாலும் சரி. (அழகான மினிய ஷெல்ஃப்ல வைங்க, நானும் வச்சிருக்கேன், தினமும் பாக்கறேன்.)

இன்னொரு வேலை இருக்கு, அத யாரும் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றதில்ல. பின்பக்கத்த அடைக்கறது. டீப் ஸ்ட்ரைக்ல இறங்கறவங்க நம்ம எந்த மினிக்கும் 9 இன்ச்ச விட தள்ளித்தான் இறங்க முடியும். 32 மிமீ பேஸ்ல (மினி நிக்கற வட்டத் தட்டு) 5 பேர் உள்ள ஒரு யூனிட்ட 2 இன்ச் இடைவெளி விட்டு வரிசையா நிறுத்தினா வரிசையே 14 இன்ச் வரும், ரெண்டு பக்கமும் 9 சேத்தா 32 இன்ச். டேபிளோட நீளம் 60. அப்போ அஞ்சு பேர் உள்ள ரெண்டு சின்ன யூனிட் இருந்தா பின்னாடி மொத்தத்தையும் கிட்டத்தட்ட அடைச்சுடலாம். ஆனா ஒரு யூனிட்ல 7 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா ஒவ்வொருத்தரும் ரெண்டு பேருக்குப் பக்கத்துல இருக்கணும்ங்கற ரூல் வந்துடும், இப்படி ஒத்தை வரிசையா நீட்ட முடியாது. அதனாலதான் 10 பேர் யூனிட் ஒண்ணுக்குப் பதிலா 5 பேர் யூனிட் ரெண்டு எடுக்கச் சொல்றாங்க.

5. டைஸ் கணக்கு போட்டுப் பாருங்க, பயப்படாதீங்க

பத்தாங்கிளாஸ் கணக்குதான். ஒரு லாஸ்கேனன் (டேங்க் உடைக்கற துப்பாக்கி) இருக்கு, ஸ்ட்ரெங்த் 12, ஏபி (எதிராளியோட சேவ எவ்வளவு கெடுக்குதுங்கறது) -3, டேமேஜ் டி6+1 (ஒரு டைஸ் உருட்டி அதோட 1). எதிர்ல டஃப்னஸ் 10, சேவ் 3+, 11 வூண்ட் (உயிர்) உள்ள டேங்க். 3+ல, அதாவது டைஸ்ல 3-ஓ அதுக்கு மேலயோ வந்தா, ஹிட், அது மூணுல ரெண்டு. ஸ்ட்ரெங்த் டஃப்னஸ விட அதிகம்கறதால 3+ல வூண்ட், அதுவும் மூணுல ரெண்டு. ஏபி -3 போனா அவரோட சேவ் 6+ ஆயிடும், ஆறுல அஞ்சு தடவ தோப்பாரு. டேமேஜ் சராசரி 4.5. எல்லாத்தையும் பெருக்கினா 1.67. அதாவது ஒரு லாஸ்கேனன் ஷாட் சராசரியா ஒன்றரைக்கு மேல கொஞ்சம் வூண்ட்தான் எடுக்கும், அந்த டேங்க்க ஒரே டர்ன்ல உடைக்க ஏறக்குறைய 7 ஷாட் வேணும். நான் ரெண்டு வச்சுக்கிட்டு "ஆன்டி டேங்க் இருக்கு"ன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அதே மாதிரி 5 இன்டர்செஸர் போல்ட் ரைஃபிள்ல 10 ஷாட் சுட்டா, எதிர்ல இருக்கற இன்னொரு மரீன் யூனிட்ல சராசரியா 1.67 வூண்ட், ஒரு மரீனுக்கு 2 வூண்ட், அப்போ ஒருத்தர் கூட முழுசா விழறது சந்தேகம். இது தெரிஞ்ச பிறகு அவங்கள சுடறதுக்காக யாரும் வச்சுக்க மாட்டாங்க, நிக்கறதுக்காகத்தான் வச்சுக்குவாங்க.

டீப் ஸ்ட்ரைக்ல இறங்கின உடனே சார்ஜ் பண்றத நம்பி லிஸ்ட் போடாதீங்க. ரெண்டு டைஸ்ல 9 வரணும், 36-ல 10 வாய்ப்பு, 28 சதவீதம். ரீரோல் இருந்தாலும் 48 சதவீதம்தான், நாணயம் சுண்டறத விட கம்மி. நாலு கேம்ல மூணு கேம் என்னோட 350 பாயின்ட் யூனிட் இறங்கி சும்மா நின்னு செத்துச்சு.

வூண்ட் டேபிள் மனசுல இருந்தா கடையிலயே நின்னு கணக்கு போடலாம்: ஸ்ட்ரெங்த் டஃப்னஸ போல ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ இருந்தா 2+, அதிகமா மட்டும் இருந்தா 3+, சமமா இருந்தா 4+, கம்மின்னா 5+, பாதியோ அதுக்கும் கீழயோ போனா 6+.

6. டிடாச்மென்ட், லீடர்

டிடாச்மென்ட்ட கடைசியா தேர்ந்தெடுங்கன்னுதான் நான் சொல்வேன், முதல்ல தேர்ந்தெடுக்கறவங்களும் இருக்காங்க. கையில இருக்கற மினிகள்ல பாதிக்கு மேல எந்த டிடாச்மென்ட் ரூல் உதவுதோ அது போதும். டிடாச்மென்ட் மாத்த காசு ஆகாது, மினி மாத்த ஆகும்.

லீடர ஒரு யூனிட்டோட சேத்து 400 பாயின்ட் ராட்சசனா ஆக்கறது ரொம்ப ஆசையா இருக்கும். ஒண்ணு வைங்க, ரெண்டு வேண்டாம். எதிராளி அதத் தொடாம சுத்திப்போயிட்டா 400 பாயின்ட் ஒரே அப்ஜெக்டிவ்ல நிக்கும். எந்த லீடர் எந்த யூனிட்டோட போறாருங்கறது கேம் ஆரம்பிக்கும்போதுதான் சொல்லணும், அதனால ரெண்டு வேற யூனிட்டோட சேர முடியற லீடரா பாத்து எடுத்தா எதிராளியப் பாத்துட்டு மாத்திக்கலாம்.

என்ஹான்ஸ்மென்ட்டுக்கு நான் கண்டுபிடிச்ச இன்னொரு பயன், அதுதான் மெத்தை. லிஸ்ட்ல 15, 20, 25 பாயின்ட்ல ரெண்டு என்ஹான்ஸ்மென்ட் இருந்தா, டோர்னமென்ட்டுக்கு முந்தின வாரம் பாயின்ட் ஏறினாலும் அத எடுத்துட்டா 2000-க்குள்ள வந்துடும், யூனிட்ட தூக்க வேண்டியதில்ல.

7. வாங்கறது: காசும் நாளும்

சென்னையில உக்காந்துக்கிட்டு வெளிநாட்டுக்காரங்க ஜெயிச்ச லிஸ்ட்ட காப்பி அடிக்கறது ஏன் ஒத்து வராதுன்னு ஒரு கணக்கு சொல்றேன். வெளிய இருந்து வரவழைச்ச பாக்ஸ் எனக்கு வந்து சேர 5 வாரம் ஆச்சு. ஒட்டறதுக்கு ஒரு வாரம். வேலைக்குப் போற ஆள் வார இறுதிக்கு 5 மினி பெயின்ட் பண்ணா 40 மினிக்கு 8 வாரம். மொத்தம் 14 வாரம். பாயின்ட் மாறறது சுமார் 13 வாரத்துக்கு ஒரு தடவ. இன்னிக்கு சல்லிசா இருக்குன்னு நீங்க ஆர்டர் பண்ற யூனிட் டேபிளுக்கு வரும்போது அதே விலையில இருக்காது, ஏன்னா எல்லாரும் அதையே எடுத்து ஜெயிச்சா அதோட பாயின்ட்ட ஏத்திடுவாங்க. அதனால வேலைய பாத்து வாங்குங்க. நல்ல டஃப்னஸ் உள்ள, அப்ஜெக்டிவ்ல நிக்கற யூனிட் 20 பாயின்ட் ஏறினாலும் அதே வேலையத்தான் பாக்கும்.

வாங்கற வரிசை: முதல்ல உங்க ஃபேக்ஷனோட காம்பாட் பேட்ரோல் பாக்ஸ் (ஆரம்பிக்கறவங்களுக்கு ஏத்த தொகுப்பு) ஒண்ணு, அதுல காவலும் ஒரு லீடரும் பெரும்பாலும் வந்துடும். அப்புறம் 1000 பாயின்ட் வர்ற வரைக்கும் ஓடறவங்களும் ஒரு டேங்க் உடைக்கறதும். 1000-ல பத்து கேமாவது ஆடிட்டு மிச்சத்த வாங்குங்க. நான் நேரா 2000-க்கு வாங்கினதாலதான் அந்த மூணு பாக்ஸ் சும்மா கிடக்குது.

வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைச்சா கஸ்டம்ஸ மனசுல வச்சுக்கோங்க. பொம்மைக்கு டியூட்டி 2020 பட்ஜெட்ல 20-ல இருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023 பட்ஜெட்ல 70, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி. எந்த வகையில போட்டு அசெஸ் பண்றாங்கங்கறத பொறுத்து தொகை மாறும், அதனால ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அன்னிக்கு ஓடற ரேட்ட பாத்துட்டு பாக்ஸ் விலையோட கூட்டி வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. சொந்தக்காரங்க கிஃப்ட்னு எழுதி அனுப்பினா வரி இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த 5000 ரூபாய் சலுகைய 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க. கூரியர்ல கேஒய்சி கேப்பாங்க, ஆதாரோ பானோ பாஸ்போர்ட்டோ ஸ்கேன் பண்ணி ரெடியா வைங்க, இன்வாய்ஸும் பணம் கட்டின ரசீதும் பிடிஎஃப்ஃபா இருக்கட்டும். பார்சல் மேல இருக்கற பேரும் கார்டுல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும். என் பார்சல் இனிஷியல் பிரச்சினையில 9 நாள் நின்னுச்சு, அப்பா பேர முழுசா எழுதினதால.

3டி பிரின்ட் பண்ண மினி வேணும்னா முன்னாடியே நடத்துறவர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. சில இடத்துல விடுவாங்க, சில இடத்துல விடவே மாட்டாங்க. விட்டாலும் பேஸ் சைஸ் சரியா இருக்கணும், 40 மிமீ-ல நிக்க வேண்டியவர 32-ல நிறுத்தினா அது எதிராளிய ஏமாத்தற மாதிரி ஆயிடும், ஏன்னா தூரம் எல்லாம் பேஸ்ல இருந்துதான் அளக்கறோம்.

8. பெயின்ட்டுக்கு 10 பாயின்ட், சென்னை வெயிலும் மழையும்

100-ல 10 சும்மா வர்றது, அத விடாதீங்க. மெயின் இடமெல்லாம் கலர், பேஸ்ல மண்ணோ ஏதோ ஒரு டெக்ஸ்சர், அவ்வளவு போதும், பிரமாதமா இருக்கணும்னு இல்ல.

ஸ்பிரே பிரைமர் இங்க ரொம்ப படுத்தும். ஐப்பசி கார்த்திகை மழையில காத்து ஈரமா இருக்கும்போது அடிச்சா மேல வெள்ளையா பூத்துப்போகும், கத்திரி வெயில்ல மொட்டை மாடியில அடிச்சா மினிய தொடறதுக்கு முன்னாடியே காஞ்சு மணல் மணலா ஒட்டும். தை, மாசியில காலை 9 மணிக்கு மேல, பனி விலகினதும் அடிச்சுடுங்க, வருஷத்துக்கு வேண்டியத அப்பவே முடிங்க. அந்த நேரம் தவறிட்டா பிரஷ்ல தடவற பிரைமர் வாங்கிக்கோங்க, கொஞ்சம் நேரம் ஆகும் ஆனா கெடாது. ஃபேன் காத்துல பெயின்ட் தட்டுலயே காஞ்சுடும், ஒரு பழைய டிபன் டப்பால நனைச்ச ஸ்பான்ஜ் வச்சு மேல பட்டர் பேப்பர் போட்டா பெயின்ட் நாள் முழுக்க ஈரமா இருக்கும்.

9. ஆடிப் பாத்து மாத்தறது

டேபிள் 60க்கு 44 இன்ச். ஏரியா பிளைவுட் கடையில 8க்கு 4 அடி ஷீட்ல 5 அடி நீளத்துக்கு வெட்டித் தரச் சொன்னா 60க்கு 48 கிடைக்கும், சாப்பாட்டு மேஜை மேலயோ ரெண்டு ஸ்டூல் மேலயோ போட்டுக்கலாம். கூரியர் அட்டைப்பெட்டிய எல் வடிவத்துல வெட்டினா இடிஞ்ச கட்டடம் ரெடி. கட்டடம் இல்லாத வெறும் டேபிள்ல பிராக்டிஸ் பண்ணாதீங்க, அங்க சுடற ஆர்மிதான் ஜெயிக்கும், நீங்க தப்பான பாடம் கத்துக்குவீங்க.

ஒவ்வொரு கேம் முடிஞ்சதும் மூணு விஷயம் மட்டும் எழுதுங்க: ரவுண்டு வாரியா பிரைமரி எவ்வளவு, எந்த கார்ட முடிக்க முடியாம தூக்கிப் போட்டீங்க, எந்த யூனிட் ஒண்ணுமே பண்ணல. ஒரே கேம்ல சொதப்பின யூனிட்ட உடனே மாத்தாதீங்க, அது டைஸா கூட இருக்கலாம். மூணு கேம்ல தொடர்ந்து அதே யூனிட் பேர் வந்தா மாத்துங்க, அதுவும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு யூனிட்.

நம்ம ஊர்ல எப்பவும் அதே ஏழெட்டு பேரோடதான் ஆடுவோம். எங்க குரூப்ல நாலு பேர் மரீன், அதனால எல்லாரோட லிஸ்ட்டும் தன்னால மரீன அடிக்கற லிஸ்ட்டா மாறிடுச்சு. பெங்களூர் போனப்ப எதிர்ல ஒருத்தர் நூத்துக்கும் மேல ஆர்க் மினிய அடுக்கினாரு, எங்க ஆட்கள்கிட்ட அவ்வளவு ஷாட்டே இல்ல. வெளியூர் போறதுக்கு முன்னாடி ஒரு கேமாவது, மினிக்குப் பதிலா பேப்பர் வட்டம் வெட்டி வச்சாவது, ஒரு கும்பல் ஆர்மியோடயும் முழுக்க டேங்க் உள்ள ஆர்மியோடயும் ஆடிடுங்க.

நேரத்தையும் பாருங்க. 2000 பாயின்ட் கேமுக்கு பொதுவா மூணு மணி நேரத்துக்குள்ளதான் குடுப்பாங்க, அதுல உங்களுக்குப் பாதி. 120 மினி உள்ள லிஸ்ட்ட முதல் டோர்னமென்ட்டுக்கு எடுத்துட்டுப் போனா மூணாவது ரவுண்டுலயே மணி அடிச்சுடும், அஞ்சு ரவுண்டுக்கு போட்ட திட்டம் எல்லாம் அங்கயே நின்னுடும். போன்ல டைமர் வச்சு வீட்ல பழகுங்க.

10. லிஸ்ட் குடுக்கற வாரம்

கடைசி தேதிக்கு முந்தின நாள் ஃபீல்டு மேனுவல் பிடிஎஃப்ப புதுசா இறக்குங்க, போன்ல ஏற்கெனவே இருக்கறது பழசா இருக்கலாம். டோர்னமென்ட் பேக்ல எந்த தேதி வரைக்கும் வந்த அப்டேட் செல்லும்னு போட்டிருப்பாங்க, போடலன்னா கேளுங்க. டூல்ல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணும்போது வார்லார்ட் யாரு, என்ஹான்ஸ்மென்ட் யாருக்கு, டிடாச்மென்ட் பேரு, மூணும் வந்திருக்கான்னு பாருங்க, இந்த மூணுல ஒண்ணு விட்டுப்போய்த்தான் நிறைய லிஸ்ட் திரும்பி வருது. லிஸ்ட் படிக்கத் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர்கிட்ட குடுத்து கூட்டச் சொல்லுங்க, நம்ம தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாது.

தெரு முனை ஜெராக்ஸ் கடையில லிஸ்ட் 5 காப்பி, உங்க டேட்டாஷீட் எல்லாம் ஒரு செட் எடுத்துடுங்க, 100 ரூபாய்க்குள்ள முடியும். ஹால்ல நெட் கிடைக்காம ஆப் திறக்கலன்னா அந்தப் பேப்பர்தான் உங்களுக்கு சாட்சி. கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதிராளிக்கு ஒரு காப்பி குடுத்து, அண்ணா இது என் லிஸ்ட், இதுல உங்களுக்கு ஆச்சரியமா இருக்கப்போறது இந்த ரெண்டு யூனிட்னு நீங்களே சொல்லிடுங்க, அவரும் அவரோடத சொல்லிடுவாரு. இன்ச் டேப் ரெண்டு, டைஸ் 30, ஃபெவிக்விக் ஒரு டியூப், தண்ணி பாட்டில். பஸ்ல போறதா இருந்தா மினி டப்பாவ மடியில வச்சுக்கோங்க, மேல ரேக்ல வேண்டாம், ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணுல என் பேனர் பியரர் கை உடைஞ்சுச்சு.